ரேடியோவுக்குப் பாட்டு வகுப்பு

டிப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் வைத்த ஆள் சும்மா வைக்கவில்லை. பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். முன்சீட்டில் வந்து உட்காருகிறவர்களின் வீட்டுக்கதையை இரண்டு நிறுத்தத்துக்குள் கறந்துவிடுவார். தன் வீட்டுக்கதையையும் பதிலுக்குக் கொட்டிவிடுவார். எங்கே இறங்க வேண்டும் என்பதை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வைக்குள்ளிருந்தே குரல் வரும். "மேனேஜர், இன்னைக்கு எனக்கு லீவு உண்டா?"

"மொதல்ல எந்திரிச்சு பால் வாங்கிட்டு வாங்க. அப்புறம் யோசிக்கலாம்."

"இப்படிப்பட்ட மேனேஜர் இருந்தா எந்தக் கம்பெனி உருப்படும்?" என்று முனகிக்கொண்டே எழுந்து போவார். அவள் ஒரு சலவைக்கடையில் வேலை பார்த்தாள். வருகிற துணிகளுக்கு அடையாளச்சீட்டு குத்துவது, நீராவித் தேய்ப்பு முடிந்து வருகிறவற்றைக் கொக்கியில் மாட்டி உறைபோடுவது. பகல் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இவர் பேச்சு. "கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். 

ஒருநாள் காலை டிப்போவில் கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை. மறுபடியும் கொடுத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போய்ப் பார்த்தபோது ரேடியோ ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, வாய் ஒருபக்கமாகக் கோணி, எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார்.

பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வலது கையும் காலும் பாதிக்குமேல் போயிற்று. கைத்தடி பிடித்து நடக்கலாம் என்ற அளவுக்குக் கால் மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்தான்: "அதான்."

பசிக்கிறதா என்றாலும் அதான். வலிக்கிறதா என்றாலும் அதான். கோபம் வந்தால் உரக்க, "அதான்! அதான்!" அழுகை வந்தாலும் அதே சொல்தான். வேறு எதையோ சொல்லப் போய் அதுவே மறுபடி வெளியே வந்து விழும்போது, தன் வாயிலிருந்து விழுந்ததை அவரே திகைத்துப்போய்ப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப்பயிற்சி கொடுத்த பெண் நல்லவள்தான். படங்களைக் காட்டினாள், உதட்டைக் குவிக்கச் சொன்னாள், கண்ணாடி முன் உட்காரவைத்தாள். கல்லில் நார் உரிக்கிற கதையாக இருந்தது. சில மாதம் கழித்து, "இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு ஒருநாள் குளியலறையில் அந்தக் காரியம் நடந்தது. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து அவள் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. அவர் தலையாட்டினார். முனகினார். பிறகு, சரணத்தின் இரண்டு வரியை, சொல் சொல்லாக, பிழையில்லாமல் பாடிவிட்டார்.

அவள் கையிலிருந்த சோப்பு நழுவிப் போயிற்று. ஈரக்கையோடு அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "என்னங்க! பேசிட்டீங்க! இப்பப் பேசுங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?"

அவர் மூச்சை இழுத்தார். முகம் சிவந்தது.

"அதான்" என்றார்.

*

கடைத்தெருவில், இரும்புச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு இசை வகுப்பு இருந்தது. 'தனிப் பயிற்சி. எந்த வயதும், எந்த நிலையும்' என்று பலகை தொங்கியது. அந்த 'எந்த நிலையும்' என்ற சொற்களைத் தெருவில் நின்று அவள் பலமுறை படித்தாள். பிறகுதான் படியேறினாள்.

டீச்சருக்கு முப்பத்தைந்துக்குள் இருக்கும். சின்ன அறை, ஒரு கீபோர்டு, சுவரில் சாய்த்து வைத்த கிட்டார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னலில் கனமான திரை. வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்களே பலகைக்குச் சாட்சி. பால்பல் விழுந்த ஒரு சிறுமி, கண் தெரியாத ஒரு இளைஞன், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வயலினைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்த ஒரு தபால்காரர்.

அவள் சொன்னதையெல்லாம் டீச்சர் பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்டாள். அடுத்தடுத்து வகுப்பு என்பதால் அவளுக்குச் சாப்பாடே அதுதான்போல.

"நான் டாக்டர் இல்லம்மா. பாட்டு சொல்லிக்குடுப்பேன், அவ்வளவுதான். பேச்சு வரும்னு என்னால சொல்ல முடியாது."

"வரும்னு சொல்ல வேண்டாம் டீச்சர். முயற்சி பண்றேன்னு சொன்னாப் போதும்."

டீச்சர் ஆஸ்பத்திரிப் பெண்ணிடமே போனில் பேசி வழிமுறையைக் கேட்டுக்கொண்டாள். அன்றாடம் தேவைப்படுகிற சின்னச் சொற்றொடரை ராகம்போல இரண்டு சுரத்தில் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் அவருடைய நல்ல கையால், இடது கையால், மேஜையில் ஒரு தட்டு. முதலில் எடுத்துக்கொண்டது 'தண்ணி குடு'. தண்-ணி-கு-டு. மேலே, கீழே, மேலே, கீழே.

இரண்டு மாடி ஏறுவது பெரிய பாடு. ஒவ்வொரு படிக்கும் கைத்தடி, பிறகு நல்ல கால், பிறகு அவள் தோள். நடுவில் இரும்புக்கடைக்காரர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மேலே போனதும் டீச்சர் அவர் எதிரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் கையில் எடுத்துத் தட்டித் தட்டிப் பாடுவாள். "சார், வாயைப் பாருங்க. தண்-ணி..." அவர் முனகலாகச் சேர்ந்துகொள்வார். சொல் வராது, சுரம் மட்டும் வரும். அடுத்த வகுப்பிலும் அதே. அதற்கடுத்த வகுப்பிலும் அதே. கீழே தகரம் வெட்டுகிற சத்தத்துக்கு நடுவே இவள் மூலையில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, அவருக்காகத் தானும் விழுங்கி விழுங்கிப் பாடுவாள்.

ஒரு சாயங்காலம் டீச்சர் பாதியில் நிறுத்தினாள். "தண்-ணி..." என்று விட்டுவிட்டு, தட்டுவதை மட்டும் தொடர்ந்தாள்.

"கு-டு" என்றது அவர் குரல்.

மூவரும் அசையவில்லை. டீச்சர் மெல்ல, தட்டுவதை மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"தண்-ணி கு-டு" என்று பாடினார் ரேடியோ. கட்டைக்குரல், கொஞ்சம் குழறல். ஆனாலும் தெளிவு.

அவள் அழுதுகொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். மறுபடி பாடினார். மறுபடி கொண்டுவந்தாள். படியிறங்கும்போது சிரித்துச் சிரித்து, இருவரும் விழுந்துவிடாமல் இரும்புக்கடைக்காரர்தான் பிடித்துக்கொண்டார்.

*

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் தப்பவில்லை.

"என்னங்க, பாடிக்காட்டுங்க" என்பாள். கையில் தண்ணீர் டம்ளரோடு தயாராக நிற்பாள். முதலில் பக்கத்து வீட்டார். பிறகு அவள் தங்கை குடும்பம். பிறகு வெளியூரில் இருக்கும் மகள், வீடியோவில். "அப்பா, இன்னொரு தடவைப்பா, உங்க மாப்பிள்ளையும் கேக்கட்டும்" என்றாள் மகள். அவர் இடது கையால் தொடையில் தட்டிப் பாடினார். பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடித்தாக வேண்டும். பாவம், தாகமில்லாமலே அவர் குடித்த தண்ணீரில் ஒரு தோட்டம் விளைந்திருக்கும். இரண்டு வயதுக் குழந்தையை நிறுத்தி வைத்து, மாமாவுக்குப் பாடிக்காட்டு, அத்தைக்குப் பாடிக்காட்டு என்பதுபோலத்தான் அது ஆகிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்கு எது தெரியும்?

டிப்போவிலிருந்து நண்பர்கள் வந்தார்கள். விசில் கொடுத்த கண்டக்டர், கூட ஓட்டிய இரண்டு டிரைவர்கள், புதிதாகச் சேர்ந்த ஒருவர். நாற்காலி போதாமல் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். டிப்போக் கதைகளைச் சொன்னார்கள். அவர் கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. ஒரு கதைக்கு அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தக் கதை அவர் சொல்லிச் சொல்லி டிப்போ முழுக்கப் பரவிய கதை.

"அதான்... அதான்..."

"சொல்லுங்க அண்ணே" என்றார் கண்டக்டர், காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவளால் காத்திருக்க முடியவில்லை. "அவரு இப்பப் பாடுவாரே! பாடிக்காட்டுங்க, என்னங்க" என்று டம்ளரோடு வந்து நின்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையைக்கூட அசைத்தார். "அட, கூச்சப்படாதீங்க, நம்ம ஆளுங்கதானே" என்றாள். அவர் பாடினார். கை தட்டினார்கள். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பாடச் சொன்னாள். மறுபடி பாடினார்.

புதிய டிரைவர் சிரித்தபடி, "என்ன, நம்ம ரேடியோ ஒரே பாட்டைத்தான் போடுது" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அந்த இடத்தில் இன்னொருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் இவரே முந்திக்கொண்டு சொல்லியிருக்கக்கூடிய கிண்டல்தான் அது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சொன்னவர் முகம் செத்துப்போயிற்று. ரேடியோ டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

*

அடுத்த வகுப்பில் அவர் வாய் திறக்கவில்லை. டீச்சர் அவர் கையை எடுத்துத் தட்டப்போனாள், அவர் இழுத்துக்கொண்டார்.

"வீட்ல ஏதாவது நடந்துச்சாம்மா?"

"ஒண்ணுமில்லையே. ஃபிரெண்ட்ஸ் வந்தாங்க. பாடினாரு. எல்லாரும் கை தட்டினாங்க."

"நாமளாவே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அவரைச் சொல்லச் சொல்றோம். அவருக்கு என்ன சொல்லணும்னு இதுவரைக்கும் நாம கேக்கவே இல்ல" என்றாள் டீச்சர். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "சார், இன்னைக்கு நான் சொல்லிக்குடுக்கலை. மெட்டு மட்டும் போடுறேன். வார்த்தை உங்களுது. எது வந்தாலும் சரி."

வாயை மூடி, மேலே கீழே, மேலே கீழே என்று ஹும் என்று முனகினாள். பலமுறை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் இடது கை தானாகவே மேஜைக்கு வந்தது.

"என்-ன வி-டு."

டீச்சர் துள்ளி எழுந்தாள். "அம்மா! கேட்டீங்களா? அவரே செஞ்சது! நாம சொல்லிக்குடுக்கவே இல்ல! அதே மெட்டுல அவராவே வேற வார்த்தையைப் போட்டுட்டாரு! எவ்வளவு பெரிய..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள், இவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். 'என்னை விடு' என்பது அப்போதுதான் அவள் காதிலும் விழுந்தது.

"தண்ணிதான் கேக்குறாரு" என்றாள் இவள். "நாக்கு புரளலை. தண்ணிதான்." பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள். பாதி மேஜையில் சிந்தியது.

அவர் புறங்கையால் டம்ளரைத் தள்ளினார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார். தட்டினார்.

"என்-ன வி-டு."

*

வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "எதை விடணும்? கிளாஸையா? சரி, விட்டுடலாம். படி ஏறுறது கஷ்டமா இருக்கா? ஆளுங்க முன்னாடி பாட வேண்டாமா? சொல்லுங்க. என்னையே விட்டுடணுமா? இல்ல..." அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. தலை ஒரே கேள்விக்கு ஆமா என்றும் இல்லை என்றும் அசைந்தது, எது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. சொல்ல முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வந்ததெல்லாம் அந்த நாலு அசைதான். எதை விட வேண்டும் என்று சொல்ல அவரிடம் ஐந்தாவது அசை இல்லை.

அவள் விடவில்லை. மறுபடியும் மாடி ஏற்றினாள். "டீச்சர், வேற சொல்லிக்குடுங்க. அவரு என்னை மேனேஜர்னு கூப்பிடுவாரு. அதை வரவைங்க. அது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். டீச்சர் அதற்கொரு மெட்டு போட்டாள். தனக்கே பிடிக்காத வேலையைச் செய்கிறவள்போலப் பாடினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தன் பாட்டையே பாடினார்.

வீட்டிலும் அதுவே ஆயிற்று. சோறு ஊட்டப்போனால் அது. கை காலுக்குப் பயிற்சி என்றால் அது. குளிக்க எழுப்பினால் அது. கோபமாகப் பாட மாட்டார். டீச்சர் சொல்லிக்கொடுத்த சுரம் பிசகாமல் அழகாகவே பாடுவார். ஒருநாள் மகள் வீடியோவில் இருந்தபோது ஆரம்பித்தார். "அப்பா என்னம்மா பாடுறாரு? புதுசா இருக்கே?" என்றாள் மகள். இவள் சட்டென்று எட்டி அவர் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

அவர் உதடு அவள் உள்ளங்கைக்குள் அசைந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமலே, "ஒண்ணுமில்லடி, அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை அணைத்தாள். பிறகு கையை எடுத்தாள். எந்த வாய்க்காகக் கோயில் கோயிலாக அழுதாளோ அந்த வாயைத்தான் பொத்தியிருந்தாள்.

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்றாள். "கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி பார்க்கலாம்மா" என்றாள் டீச்சர். "பார்க்கலாம்" என்றாள் இவள். இருவருக்குமே அதில் நம்பிக்கையில்லை.

*

இரண்டாவது அடி ஒரு மத்தியானத்தில் விழுந்தது. அவள் கடையில் ஒரு கோட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கண் திறந்திருந்தது. அது மட்டும்தான் திறந்திருந்தது.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நடையில்லை. உட்காருவதுமில்லை. மூக்கில் குழாய். பக்கத்து வீட்டு டிவியில் பழைய பாட்டு வந்தது. அவள் அவர் உதட்டையே பார்த்தாள். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, அவர் இடது கையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டி, அவளே பாடினாள். "என்-ன வி-டு." வெட்கத்தை விட்டுப் பலமுறை பாடினாள். அதையாவது சொல்லட்டும் என்றிருந்தது அவளுக்கு. அவர் பார்வை கூரையிலிருந்து இறங்கவில்லை. கை அவள் பிடியை விட்டதும் அப்படியே சரிந்தது.

டீச்சர் கேள்விப்பட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். அவரால் சாப்பிட முடியாது என்பது பையை நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கட்டில் ஓரத்தில் நின்று, "சார்" என்று கூப்பிட்டாள். பிறகு வேறெதுவும் தோன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் அவசரப்பட்டுட்டேனா டீச்சர்?" என்றாள் இவள்.

"தெரியலம்மா."

"அவரு விடுன்னு சொன்ன அன்னைக்கே நிறுத்தியிருந்தா இது வந்திருக்காதோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டருங்க சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க." அவள் புடவைத் தலைப்பால் அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். "எதை விடச் சொன்னாரு? நீங்க எதிர்லேயே உட்கார்ந்திருந்தீங்களே. உங்களுக்காவது புரிஞ்சுதா?"

இல்லாத ஒன்றை டீச்சர் இதமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "புரியலம்மா. அன்னைக்கு நான் சந்தோஷத்துல குதிச்சேனே தவிர, அவரைக் கேக்கலை. கேட்டிருக்கணும். அந்த நேரத்துல கேட்டிருந்தா ஒருவேளை..."

"ஒருவேளை" என்றாள் இவள்.

அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் வந்துவிட்டது. ஒரே பக்கம் படுத்தால் முதுகு புண்ணாகிவிடும். வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். இன்று டீச்சரே எழுந்தாள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி இடுப்பை. பேருந்து ஓட்டிய உடம்பு, இன்னும் கனமாகத்தான் இருந்தது. டீச்சருக்கு மூச்சு வாங்கியது. அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகினார்கள். அடியில் விரிப்பு நனைந்திருந்தது. அதையும் உருவி மாற்றினார்கள்.

"நான் கிளம்புறேம்மா. சாயங்காலம் கிளாஸ் இருக்கு."

"போயிட்டு வாங்க."

டீச்சர் போன பிறகு அவள் கதவைத் தாழிட்டாள். நனைந்த விரிப்பை வாளியில் ஊறப்போட்டாள். அவர் முதுகில் சிவந்திருந்த இடத்தில் பவுடர் தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் திருப்புகிற நேரம் வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.